அமுக்குணி என்று நினைத்தேன், அக்கா

அக்கா,

இன்று காலை விதைக்கடலை மூட்டையை அவிழ்த்ததும் மண்ணும் தோலுமாக ஒரு தூசி வாடை மூக்கில் ஏறியது. உடனே உங்கள் நினைப்புதான். எதிரே உட்கார்ந்து உரித்ததோ என் மகள். பெரம்பலூர் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து மூன்று நாள் முன்பு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றவள். "லீவும்மா" என்றாள். என்ன லீவு? எனக்கா தெரியாது! அவள் குளிக்கப் போனதும் பையைத் துழாவினேன். போனை எடுத்துப் பார்த்தேன், பூட்டியிருந்தது. எவனோ ஒருவன் இருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சந்தேகம் எனக்கென்ன புதிதா? இந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்த நாள் முதல், மூத்த மருமகளான உங்களைத்தானே சந்தேகப்பட்டேன். மெஷினில் போட்டால் பருப்பு அடிபடும், முளைக்காது என்று விதைக்கடலையைக் கையால்தான் உரிப்போம். நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது அத்தையைப் பற்றி நான் கொட்டித் தீர்ப்பேன். நீங்கள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பீர்கள், அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்ல மாட்டீர்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டீர்கள். இது சரியான அமுக்குணி, எல்லாவற்றையும் மாமியார் காதில் கொண்டுபோய்ப் போடும் என்று நினைத்தேன்.

ஒருநாள் உங்களைச் சோதிக்கவே ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அரியலூர்ல வூடு பாத்துட்டோம். தனியாப் போயிடப் போறோம்."

உங்கள் கை கொஞ்சம் நின்றது. "சரி புள்ள" என்றீர்கள்.

அன்றிலிருந்து அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. ஒன்றும் வரவில்லை. அதில் நிம்மதியா வந்தது? சமயம் பார்த்துப் போட்டுக்கொடுக்கத்தான் வைத்திருக்கிறாள் என்று இன்னும் பயந்தேன்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது, அத்தை கொல்லையில் இருந்த நேரமாகப் பார்த்துப் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கி என் முன்னால் வைத்தீர்கள். உள்ளே இரண்டு குடம், இட்லிப் பானை, ஒரு தாம்பாளம். எல்லாம் உங்கள் அம்மா வீட்டுச் சீர்.

"தனியாப் போனா ஆவும்னு எடுத்து வச்சேன். போவலையா நீங்க?"

"இல்லக்கா" என்றேன். நான் சொன்னது பொய் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு வெட்கம்.

இன்று பாதி மூட்டை உரித்திருப்போம். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் மகள். "யாருடி அவன்?" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. அன்றொரு நாள் செந்துறையில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த நீங்கள், "புள்ள, ஒண்ணு சொல்லணும்" என்றீர்கள். நான் அத்தையோடு போட்ட சண்டையைச் சொல்லி முடித்திருக்கவில்லை. அதற்குள் அரியலூர் பஸ் வந்துவிட்டது. "வந்து கேக்குறேன்க்கா" என்று ஓடிப்போய் ஏறினேன். வந்தேன், கேட்க மறந்தே போனேன். இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் படுத்த நீங்கள் திரும்பி வரவில்லை. "இவ்வளவு வலியை எத்தனை நாளா வச்சிக்கிட்டிருந்தாங்க? வீட்ல ஒருத்தர்கிட்டக்கூடவா சொல்லல?" என்று டாக்டர் கேட்டார்.

கையிலிருந்த கடலையைக் கீழே வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தேன்.

"மூணு பேப்பர் போச்சும்மா. நீ கத்துவேன்னு பயம். அன்னிக்கு நேரா வூட்டுக்கு வரல. அரியலூர் ஸ்டேஷன்ல மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். வர்ற ரயில்ல ஏறி எங்கயாவது போயிடலாம்னு."

குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தவள், "பசிக்குதும்மா" என்றாள்.

பெண் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். ஆனால் கேட்கத் தெரிந்துகொண்டேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ள முடியவில்லை. என் புலம்பலையெல்லாம் வருஷக்கணக்கில் கேட்டவர் நீங்கள். உங்களை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த பஸ்ஸை விட்டிருந்தால் அரை மணி நேரத்தில் அடுத்த பஸ் வந்திருக்கும், அக்கா.