ரெண்டு கதவு வண்டியும் நனைந்த குடையும்

தென்காசி
19-7-62, வியாழன்

அன்பு மகன் அப்துல் மஜீதுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஜன்னத்தும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். பினாங்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது, உம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, மீதிப் பாதி என்னைத் திட்டுவதற்கு வேண்டியிருக்கிறது என்கிறாள். இந்த வருஷம் சாரல் பிந்தி வந்தாலும் நன்றாக வந்தது, ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறது. கடையில் வேலைக்குக் குறைவில்லை, சீசனுக்கு ஓடுகிற வாடகைக் கார்களுக்கெல்லாம் குஷன் மாற்றித் தைத்து முடியவில்லை. இதையெல்லாம் எழுதுவது சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். முந்தாநாளே மூன்று தாள் எடுத்து மூன்றையும் கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது மகனே, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியே இருக்க மாட்டேன்.

ஜன்னத்துக்குப் பேசி வந்த கீழப்பாவூர் சம்பந்தத்தைப் பற்றி நீ என்ன எழுதியிருந்தாய் என்பது எனக்கு மனப்பாடம். பையன் மசூது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், குடும்பம் நல்ல குடும்பம், அதெல்லாம் சரி, ஆனால் நிக்காஹ் முடிகிற வரை தங்கச்சி அவர் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, நான் ஊரில் இருந்தால் நானே போய்ப் பார்த்து அவளுக்குச் சொல்லுவேன், நான் இல்லாததால் நீங்கள் போய்ப் பாருங்கள் வாப்பா, அவர் எப்படி இருக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்று ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். என் கண்ணைத்தான் உன் தங்கச்சிக்குக் கண்ணாக நம்பினாய். அந்தக் கண் எங்கே போயிற்று என்று கேள்.

நான் கீழப்பாவூருக்குப் புறப்படுமுன்னே அவர்களே சொல்லி அனுப்பினார்கள், எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்கு வருகிறோம், மாமாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம், பேசியபடியே போய் வரலாம் என்று. காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பினாங்கில் இளவட்டங்கள் ஓட்டிப் போகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி ரெண்டு கதவு வண்டி. நம் ஊரில் கார் என்றால் பெரிய மனிதர் வயிறு மாதிரி உருண்டு திரண்டு நிற்கும். இது இடுப்பு ஒடுங்கி, தரையோடு தாழ்ந்து, நிற்கும்போதே ஓடப்போகிற மாதிரி இருந்தது. மேலே பாலேடு நிறம், கீழே இளநீலம், நடுவில் ஒரு வெள்ளிக் கோடு. பின்னால் ரெண்டு பக்கமும் மீன் துடுப்புப் போலச் சின்னதாக எழும்பி நிற்கிறது. ஓட்டி வந்தவர் இறங்கி ஸலாம் சொல்லிப் பெயர்களையும் சொல்லத்தான் செய்தார். நான் அப்போது குனிந்து விளக்கைச் சுற்றியிருந்த வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தேன், பெயர் காதில் விழவில்லை.

உள்ளே பார்த்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. சீட்டு ரெக்சின்தான், ஆனால் தோலோ என்று சந்தேகம் வரும். ஓரத்துப் பைப்பிங் ஒரு இடத்தில்கூட முறுக்கிக்கொள்ளவில்லை, தையல் ஒரு விரற்கடைக்கு எத்தனை விழுந்திருக்கிறது என்று நகத்தால் எண்ணிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கை. கதவின் உள்பக்கமும் சீட்டின் நிறத்திலேயே, முன்பக்கம் ஒரே ஒரு வட்ட மீட்டர், வேறு கசகசப்பு இல்லை. முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஆள் ஏற முடியும். பின்னால் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், இறங்க வந்தவரை நான்தான் சிரமப்பட வேண்டாம் என்று உட்காரச் சொன்னேன். கூட வந்த சேக்காளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தூறல் விழுந்ததில் என் குடை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதை எங்கே வைப்பது, இந்தச் சீட்டு பாழாகிவிடுமே என்று நான் தவித்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து குடையை வாங்கிக்கொண்டது. சீட்டு தப்பித்தது என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

ஐந்தருவி போனோம், அங்கிருந்து புளியறை வரை ஓட்டிக் காட்டினார். செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ரெண்டு லாரிக்கு நடுவே ஒரே வெட்டில் வண்டியைத் திருப்பினார் பார், பின்னால் எடுக்காமல், நான் கைதட்டிவிட்டேன். நல்ல உயரம், சுருட்டை முடி, சத்தமாகச் சிரிப்பு, ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடிக்கிற தோரணை. இதுதான் மாப்பிள்ளை என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. போக வர மூன்று மணி நேரம், நான் பேசியதெல்லாம் ஸ்பிரிங், நார், தையல். பின்னாலிருந்தவர் ரெண்டு தடவை ஏதோ கேட்டார், நான் திரும்பாமலே பதில் சொன்னேன். இறங்கும்போதே எனக்குப் பரிபூரண சம்மதம் என்று சொல்லி, அவர்கள் பெரியவர்களுக்கு ஆகஸ்ட் பத்தொன்பது என்று தேதியும் வைத்துச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன், ஜன்னத் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். உயரத்தைச் சொன்னேன், முடியைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன், அவர் ஸ்டீரிங் பிடிக்கிற விதத்தை நடித்தே காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. மறுநாள் பக்கத்து வீட்டு அலிமாவிடம் சுருட்டை முடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்துக்கும் மேலாக அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் என் மகள் நடமாடியிருக்கிறாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அதே வண்டி கடைக்கு வந்தது. சீட்டுக்கு மேலுறை தைக்க வேண்டுமாம். ஓட்டி வந்தவரோடு ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். இவ என் வீட்டுக்காரி ஜாஹிரா பீவி, மசூதுக்கு அக்கா என்றார். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அப்போ இவர் மாப்பிள்ளை இல்லை. மசூது வரலையா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அவன் அன்னைக்குப் பின்னால இருந்தாம்லா மாமா, உங்ககிட்டப் பேச வெக்கப்பட்டுட்டு இருந்தான்" என்றார். அவர் பெயர் யாக்கூப், மாப்பிள்ளைக்கு மச்சான், மெட்ராஸில் வியாபாரம், வண்டி அவருடையது. எனக்கு மரியாதையாக முன் சீட்டைக் கொடுக்கவேண்டும் என்று மாப்பிள்ளை பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். மாமாவுக்குத் தொழில் என்றால் உயிர் என்று தம்பி வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னான் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு எங்கே போய் ஒளிவது என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் முழுக்க விழுங்கிப் பார்த்தேன். நேற்று மக்ரிபு தொழுகைக்குப் பிறகு ரெண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். உம்மா நிறுத்தாமல் திட்டினாள். எல்லாவற்றையும் எழுத முடியாது, ஒன்றுதான் இன்னும் குத்துகிறது. "இருவது வருசமா சீட்டு தைக்கீக, அதுல யாரு உக்காருதாகன்னு ஒரு நாளாவது பாத்தீகளா" என்றாள். ஜன்னத் அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். அப்போ பின்னால் இருந்தவர் எப்படி இருப்பார் வாப்பா என்று கேட்டாள். மூன்று மணி நேரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்த மனிதர், கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியவில்லை. குடையை வாங்கி வைத்துக்கொண்டார் என்றேன். எங்கே வைத்தார் என்று கேட்டாள். யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது, இறங்கும்போது அவர் வெள்ளைச் சட்டை வயிற்றோடு ஒட்டி நனைந்திருந்தது, அத்தனை நேரமும் மடியில் வைத்திருந்திருக்கிறார். அதையும் சொன்னேன். அவள் எழுந்து நின்று, "வெள்ளிக்கிழமை போயி பாத்துட்டு வாங்க வாப்பா. இந்தத் தடவ பின்னால உக்காருங்க" என்றாள். நான் வந்து சொல்வதைக் கேட்டுவிட்டு உனக்கு மனம் இல்லை என்றால் சொல், நான் தேதி வைத்த வாயாலேயே போய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஆனால் ஊரில் என் தலை குனியும், குனியட்டும். நீ அவளைக் குற்றம் சொல்லி எழுதக்கூடாது. இந்தத் தாளையே பார், வண்டிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், மாப்பிள்ளைக்கு எழுத ஒரு குடைதான் இருக்கிறது.

இதுவரை நேற்று எழுதியது. இன்று வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்து கீழப்பாவூர் போய் வந்தேன். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன். அவர்கள் வாசலில் அந்தக் கார் நின்றது, பார்க்கவில்லை என்றால் பொய், பார்த்தேன், பக்கத்தில் போகவில்லை. மாப்பிள்ளை எதிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மெலிந்த உடம்பு, மாநிறம், இடது புருவத்தில் சின்னத் தழும்பு, மூக்குக் கண்ணாடி. மெதுவாகப் பேசுகிறார், நாம் பேசி முடிக்கும் வரை காத்திருந்து பேசுகிறார். அன்றைக்கு உங்களைச் சரியாகக் கவனிக்கவில்லை மாப்பிள்ளை, மன்னிக்க வேண்டும் என்றேன். "வண்டி அப்படில்லா மாமா" என்று சொல்லி என்னைத் தப்பிக்க விட்டார். வந்து ஜன்னத்திடம் தழும்பு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சரியா வேண்டாமா என்று நான் கேட்குமுன் அடுப்படிக்குப் போய்விட்டாள். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் கேட்டாள், "அன்னைக்கு அம்புட்டு நேரம் நனைஞ்சிருந்தாகளே, சளி கிளி பிடிச்சுதாமா, கேட்டீகளா?"

அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை மகனே. நாளைக் காலை முதல் பஸ்ஸில் திரும்பவும் போகிறேன்.

ஆகஸ்ட் பத்தொன்பதுக்கு உனக்கு லீவு கிடைக்குமா என்று உடனே எழுது. அங்கேயும் மழை என்று எழுதியிருந்தாய், நனைந்தால் ஈரத்தோடு கடையில் நிற்காதே, தலையைத் துவட்டிச் சட்டையை மாற்று. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான சம்பாத்தியமும் தருவானாக. என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதினால் உம்மாவிடம் படித்துக் காட்டிக்கொள்வேன்.

உன் வாப்பா,
கு. ஒலி முகம்மது