தொண்ணூற்றொன்றுக்குத் தொண்ணூறு

அன்பு மகள் அமுதவள்ளிக்கு,

கிள்ளானிலிருந்து அப்பா எழுதுவது. என் உடம்புக்குக் குறைவில்லை, நீயும் மாப்பிள்ளையும் பெர்த் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் டாக்டரைப் பார்க்கச் சொல்வாய், அதனால் எழுதுகிறேன்.

நம் மரண சகாயச் சங்கத்துக்குப் போன ஞாயிறு தேர்தல் நடந்தது, என்னைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டார்கள். பதினோரு வருடத்துக்கு முன் செயலாளர் பதவியிலிருந்து என்னை இறக்கிய இராமலிங்கம்தான் தலைவருக்கு நின்றான். தொண்ணூற்றொன்றுக்குத் தொண்ணூறு, ஒரே வாக்கில் வென்றான். ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் நான் முடிவில் ஒப்பமிட வேண்டும். 'தேர்தல் அதிகாரி திருப்தியடைந்தால்' என்று விதியில் இருக்கிறது, செயலாளராக இருந்தபோது அந்த வரியை எழுதியவனே நான்தான். திருப்தியில்லை என்றால் காரணம் எழுதித் தேர்தலை ரத்து செய்யலாம். மறைப்பானேன், காரணம் தேடித்தான் வருகைப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கிடைத்தது. நூற்றுப் பதினேழாவது வரியில் உன் அம்மாவின் கையெழுத்து. தங்கமணி என்று எழுதி, கீழே அவள் வைக்கும் இரண்டு புள்ளி. அவளை எரித்து நான்கு வருடமாகிறது. குடும்பத்தார் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் சங்கத்தில் பெயரை அடித்து நீக்குவார்கள். ஊரார் அட்டைகளையெல்லாம் வாங்கிப் பெயர் அடித்தவன் நான், அவளுடையதைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. வாக்குச்சீட்டு கொடுத்த தாமரையைக் கேட்டேன். புதுப்பெண், அம்மாவைப் பார்த்ததே இல்லை. "பச்சைச் சேலை ஆன்டிதானே அங்கிள், அவங்க அட்டைக்கு நான்தான் சாப் அடிச்சேன், கை ஜில்லுன்னு இருந்திச்சு, ஏர்கோன் கிட்ட உட்காராதீங்க லான்னு சொன்னேன்" என்றாள். பச்சைச் சேலை கட்டித்தான் அவளை அனுப்பினோம், உனக்கே தெரியும். வீட்டுக்கு வந்து இரும்பு அலமாரியைத் திறந்தேன், சாவி என் இடுப்பை விட்டுப் போனதில்லை. அட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. இந்த ஆண்டுத் தேர்தல் கட்டத்தில் நீல நிற சாப் முத்திரை. தேர்தல் முடிந்து மூன்று நாளாகியும் மை என் விரலில் ஒட்டியது.

இராமலிங்கம் தினமும் போன் பண்ணி, "சைன் போட்டுடுங்கண்ணே, இன்னும் அந்தப் பழைய கதையிலயே இருக்கீங்களா" என்று சிரிக்கிறான். அந்த ஆளை விட்டுத் தொலைங்களேன் என்று உன் அம்மாவும் கடைசிவரை சொன்னாள். அவள் வாக்கு யாருக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் ஆத்திரம். இன்று ஏழாம் நாள். ரத்து செய்ய வேண்டுமென்றால், இறந்தவர் வாக்களித்தார் என்று எழுதி, அவள் பெயரை என் கையாலேயே அடிக்க வேண்டும். நாலரை மணிவரை பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். நாலு ஐம்பதுக்கு, திருப்தியடைந்தேன் என்ற வரியின் கீழ் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். அவனை நான் மன்னிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கார் ஓட்டும்போது கவனம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க அப்பாவின் ஆசி. ஒன்று மட்டும் நினைவில் வை, தீபாவளிக்கு வரும்போது அம்மாவின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதே. அதில் வரும் தேர்தல்களுக்கு இன்னும் மூன்று கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் அப்பா
லோகநாதன்