தெருமுனையில் உன் முகம்

என் தேவி அக்காவுக்கு,

நம்மிடம் மசாலாப் பொடி வாங்குகிறவர்கள் இப்போது உன் சாவையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

தேவி உன் பெயர் இல்லை. இதை நாலு பேர் படிப்பார்கள் என்பதால் பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் உண்மை.

பொடி விற்க நாம் போட்ட வீடியோக்களில் உன் கைகளை மட்டும்தான் காட்டினோம். மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்து, "உழைச்ச கை, எவ்ளோ உண்மையா இருக்கு!" என்று எழுதினார்கள். உன் புருஷன் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திய இடம் அது. அதைப் பார்த்தே அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று நான் பயந்தேன். "வெச்சவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கப்போவுதாடி? மூஞ்சிய மட்டும் காட்டாத" என்று சிரித்தாய்.

மாங்காட்டு வீட்டைக் காலி செய்து நாம் கள்ளிக்குப்பம் வந்தது அவனுக்கு இன்னும் தெரியாது. உன் மகள் யாழினி எங்கே படிக்கிறாள் என்பதும்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்றே, எதிர்வீட்டுக் குமார் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டான். உன் முகம், பெயர், தெருவின் பெயர் எல்லாம் போட்டு. கழற்றச் சொன்னேன். "இன்னாக்கா, நம்ம தெரு மனுஷிக்கு ஒரு பேனர்கூட இல்லன்னா எப்புடி?" என்று அழுதான். அழுதுகொண்டே கழற்றினான். அவனை என்னவென்று திட்டுவது?

பிறகு என் கையை வைத்து வீடியோ போட்டேன். "கை மாறிடுச்சே? அந்த அக்கா எங்க? ஏமாத்துறீங்களா?" என்று கேட்டார்கள். ஆர்டர்கள் குறைந்தன. விளம்பரம் செய்து தருகிறவன் வழி சொன்னான்: "அக்கா போட்டோவ வெச்சு அழுதுகினே ஒண்ணு போடுங்க சிஸ்டர், பிச்சிக்கினு போவும்."

பொடியில் என்ன போடுகிறோம் என்று கேட்கட்டும், மறைக்காமல் சொல்கிறேன். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் அவர் பொண்டாட்டி எங்கே என்று கேட்டுவிட்டா பருப்பு வாங்குகிறார்கள்? பொம்பளை நடத்தும் கடை என்றால் மட்டும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க யார் உரிமை கொடுத்தது?

கடைசியில் இரண்டு வரி போட்டேன். "அக்கா இறந்துவிட்டார். பொடி அவர் பக்குவம்தான்." அவ்வளவுதான்.

அதைப் பார்த்து, நேற்று பக்கத்து அடுக்குமாடியிலிருந்து வீட்டுக்கே வந்து பொடி வாங்கும் வாடிக்கையாளர் ஒருத்தி அந்த ஃபிளெக்ஸின் படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். கழற்றுவதற்குள் படம் எடுத்து வைத்திருக்கிறாள். "நம்ம பொடி அக்கா இவங்கதான். ரொம்ப மிஸ் பண்றோம்." பாசத்தில்தான் போட்டிருக்கிறாள். உன் முகத்துக்குக் கீழே தெருவின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. எத்தனையோ பேர் பகிர்ந்துவிட்டார்கள். அவன் போனுக்கும் போயிருக்குமா?

யாழினியை இன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. "சித்தி, இன்னிக்கு லீவா? ஜாலி!" என்று கட்டிலில் குதிக்கிறாள்.

கடையை மூட வேண்டி வந்தாலும் சரி, அவளை அவனிடம் விடமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

அந்தப் பெண்ணுக்குக் காலையிலேயே எழுதினேன்: "படத்தை எடுங்க. வீட்டில் குழந்தை இருக்கு." நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டாள். பதில் இல்லை. படமும் அங்கேயே இருக்கிறது.

மறுபடி எழுதுகிறேன்: எடுங்க.

உன் தங்கை,
யாழினியின் சித்தி