வால் விசிறி ஒட்டாத ஹெலிகாப்டர்

விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று அரியலூருக்கு வந்துவிட்ட இளையபெருமாள், செந்துறைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்த மனைவிக்கு ஒரு சீட்டு எழுதினார்.

"கண்ணகி, ரசம் வச்சிருக்கேன், சூடு பண்ணிக்க. பொன்னம்மாக்கா மாவு கேட்டா குடு. நான் வர லேட்டானா பூட்டிட்டுப் படு, எங்கிட்ட ஒரு சாவி இருக்கு."

பேனா நின்றது. எதிரே, மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய, துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் பொம்மை. பட்டாளத்தில் அவர் முதன்முதலில் ஸ்பானர் வைத்த அதே பழைய எஸ்-55 ரகம். எல்லாம் ஒட்டியாகிவிட்டது, வால் விசிறி மட்டும் பாக்கி. நேற்றுச் சாயங்காலம் அதை மூன்று தடவை கீழே போட்டார்.

"கை நடுங்குதுங்க. குடுங்க, நான் ஒட்டுறேன்" என்றாள் கண்ணகி.

"ஒனக்கு என்னடி தெரியும்?" என்று கத்திவிட்டார். காலையில் அவள் சொல்லிக்கொள்ளாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுபடி எழுதினார். "கத்துனது தப்பு. மூணு மாசமா கை இப்படித்தான் இருக்கு. திருச்சியில டாக்டரைப் பாக்கப் போறேன். ராத்திரி வராட்டி பயப்படாத, படுக்க வச்சிருப்பாங்க."

அடியில் இடுக்கி இன்னொரு வரி: "வால் விசிறிய நீயே ஒட்டிடு. பசை கொஞ்சமாத் தொடு."

எழுத்தெல்லாம் கோணல்மாணலாக ஓடியிருந்தது. வேறு தாளில் திருத்தமாக எழுதலாமென்று அதைக் கசக்கப் போனார். பிறகு, அவள் பார்க்கட்டும் என்று டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.