கண்ணாடியில் ரெண்டு டியூப்லைட்

அன்புள்ள அம்மச்சிக்கு மகள் ரோஸ்லின் குவைத்திலிருந்து எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

வார்டில் ஒரு நோயாளி கையை வீசியதில் என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. எனக்கு அடி இல்லை. புதியதற்கு, வெளிச்சம் பட்டால் பளபளக்காத கோட்டிங் போடவா என்றார் கடைக்காரர். வீண்செலவு என்றேன். அறைத்தோழி ஷைனி விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீடியோல அம்மச்சி என்ன சொல்றாங்க? 'மோளே, உன் கண்ணு எங்கடி, ரெண்டு டியூப்லைட்டுதான் தெரியுது'ன்னுதானே? பேசாம போடுடீ!"

போட்டுவிட்டேன்.

லீவில் வரும் ஷைனி இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவாள். திரும்பும்போது அவளிடம் மாங்காய் ஊறுகாயும், கண்ணாடி துடைக்க நீங்கள் உடுத்திப் பழசான முண்டில் கிழித்த ஒரு துண்டும் கொடுத்துவிடுங்கள். கடைத்துணி சரியில்லை.

அவள் ஏர்போர்ட் போகும் வண்டி வந்துவிட்டது. இனி வீடியோவில் என் கண் நன்றாகத் தெரியும். சிவந்திருந்தால், அது ஏசிக் காற்று.

ரோஸ்லின்