ஞாயிறு ஏழு மணிக்கு இடம் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் உன் புது வேலையும் புது வீடும் ஒத்துப்போய் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் இதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களாப்பா என்பாய், நான் ஆச்சும்மா நீ என்பேன், நீயும் ஆச்சு என்பாய், அதற்குள் உன் ரயில் வந்துவிடும். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள் என்பதைத் தவிர இந்த வீட்டில் வேறு செய்தியே கிடையாது என்று ஆகிவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நம் யோகாக் கூடத்தைப் பற்றித்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே அதே மாடி அறை, அதே பச்சைப் பாய்கள், ஜன்னல் பக்கம் மட்டும் சுவர் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. முதுகு வலி, கழுத்து வலி, மூச்சு வாங்குகிறது என்று வருகிறவர்களை நீட்டி மடக்கி அனுப்புகிற வேலை அப்படியேதான் நடக்கிறது. உன் அம்மா இருந்தவரை பின்னால் நின்று எண்ணிக்கை சொல்வாள், இப்போது நானே செய்து காட்டி நானே எண்ண வேண்டியிருக்கிறது, நடுவில் எண்ணிக்கை தப்பினால் எல்லாரையும் காலைத் தூக்கியபடியே விட்டுவிடுகிறேன், பாவம், திட்டாமல் தாங்கிக்கொள்கிறார்கள். நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் போனில் சமூக வலைத்தளத்தில் கூடத்தின் பெயரில் எனக்கு ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாயே, தினமும் ஒரு படம் போடுங்கப்பா என்று சொல்லி, அதை நான் ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் கதவைத் திறந்து பாய்களை விரித்து ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுவேன். உனக்கு அப்போது சாயங்காலம், வேலை முடிந்து திரும்பும் நேரம். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள் உன் சிவப்பு இதயம் வந்து விழும். வேறு யார் போட்டார்கள் போடவில்லை என்று நான் பார்ப்பதே இல்லை. இதயம் வந்தால் பிள்ளை ரயிலில் உட்கார்ந்துவிட்டது, பத்திரமாக வீட்டுக்குப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் டீ.

அந்தப் பக்கம் இப்போது இல்லை. நீ வீடு மாறி அலைந்துகொண்டிருந்த சமயத்தில் ஒரு நாள் அது உங்கள் பிறந்த தேதியைச் சரிபாருங்கள் என்று கேட்டது. பக்கத்தின் பெயர் கூடத்தின் பெயர், படமும் கூடத்தின் படம், கேட்பது கூடத்தின் பிறந்த நாளைத்தான் என்று நினைத்து நாம் கூடம் திறந்த தேதியை ஒழுங்காகப் போட்டேன். மறுநாள் காலையில் பூட்டு. வயது போதாதாம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே அனுமதி கிடையாதாம். அடையாள அட்டையை அனுப்பினேன், அட்டையில் இருக்கும் பெயரும் பக்கத்தின் பெயரும் வேறு என்று திரும்பி வந்தது. நரைத்த மீசையோடு முகத்தைப் படம் எடுத்தும் அனுப்பினேன். உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, முடிவில் மாற்றம் இல்லை. சரி, ஆளிடம் பேசலாம் என்றால் ஆளே கிடையாது. சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும். அறுபத்தேழு வயதில் நான் எட்டு வயதுக் குழந்தை இல்லை என்று நிரூபிக்க முடியாமல் போனது உன் அப்பா ஒருவனுக்குத்தான் இருக்கும், சிரித்துக்கொள், நானும் முதல் இரண்டு நாள் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு வரவில்லை. புதிதாக வருகிறவர்கள் நின்றார்கள், பழையவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். தெரு முனைத் தையல்காரருக்குக் கழுத்து வலி என்று உனக்கே தெரியும், அவர் என்னை மருந்துக் கடையில் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். கடையை மூடிட்டீங்கன்னுல்ல சொன்னாங்க, போன்ல தேடினா உங்க பக்கமே காணோமே சார் என்றார். மூடிவிட்டதாகச் சொன்னார்களா, நான் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை, அவர் விழித்த விழிப்பிலேயே தெரிந்தது. காலையில் பழக்கத்தில் பாய்களை விரித்துவிடுவேன், யாரும் வராவிட்டால் ஜன்னலோரப் பாயில் நானே உட்கார்ந்திருப்பேன். கீழே கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் எழுத்துகளைச் சத்தமாகப் படிப்பது மேலே கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே கெட்டிலைப் போடுவேன், தண்ணீர் கொதிக்கும், போன் சும்மா கிடக்கும். நீ ஒரு நாள் ஏம்பா இப்பல்லாம் படமே காணோம், கூட்டமா என்று கேட்டாய். ஆமாம்மா, நிற்க நேரமில்லை என்றேன். அது பொய். இருந்ததெல்லாம் நேரம் மட்டும்தான். உன் புது வேலையில் என் கவலையையும் ஏற்றி வைக்க மனசு வரவில்லை. ஆனால் தனியாக இருந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன், எழுதுவது சொல்வதைவிடச் சுலபமாக இருக்கிறது.

இப்போது நல்ல செய்தி. விடாமல் வந்துகொண்டிருந்த ஒரே ஆள் ஒரு தோள்வலிக்காரி, உன்னைவிடப் பத்து வயது பெரியவள் இருப்பாள், இணையதளம் செய்து கொடுப்பதுதான் தொழில், கணினி முன்னால் கேள்விக்குறி மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து வாங்கிய வலி. பக்கம் பூட்டிக்கிடப்பதைக் கேட்டு அவளுக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. சார், எல்லாத்தையும் அடுத்தவன் இடத்துல வச்சிட்டு, சாவியையும் அவன்கிட்டயே குடுத்து வச்சிருந்திருக்கீங்க என்றாள். வலியில் இருக்கிறவன் வேடிக்கை பார்க்க வருவதில்லையாம், கேள்வியோடு வருகிறானாம். எனக்கு இது சரிப்படுமா, ஆபரேஷன் ஆனவன் வரலாமா, சொல்லிக் கொடுப்பது யார், எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவர வேண்டும். இதற்கெல்லாம் பதிலைப் பக்கத்தில் போட்டால் நாலு நாளில் அடியில் போய்விடும், நமக்கென்று ஓர் இணையதளம் இருந்தால் போட்டது போட்ட இடத்தில் இருக்கும், தேடுகிறவன் கையில் கிடைக்கும் என்றாள். அப்போ பக்கத்தைத் தலைமுழுகிடலாமா என்று கேட்டேன். அய்யோ வேணாம் சார், அது தெருவுல நின்னு கூப்பிடட்டும், இது வீடு, வந்தவங்கள உட்கார வைக்கட்டும், ரெண்டும் வேணும் என்றாள். தளத்தையும் செய்து, புதுப் பக்கமும் திறந்து கொடுத்தாள், பிறந்த தேதியை மட்டும் அவளே கேட்டுப் போட்டாள், என்னைத் தொடவிடவில்லை.

தளத்தில் போடும் விஷயத்தை நானே எழுதினேன். எந்த வலிக்கு வரலாம், எதற்கு முதலில் டாக்டரிடம் போக வேண்டும், ஒரே வாரத்தில் குணமாகும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, ஒரு துண்டும் பொறுமையும் கொண்டுவரவும். பொறுமையை எடுத்துடலாமா சார் என்றாள், முடியாது என்றேன், இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முதலில் வந்தது ஒரு லாரி டிரைவர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, ரெண்டும் கொண்டாந்திருக்கேன் சார் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, முழங்கால் வலி என்று சமாளித்தேன். இப்போது காலையில் பாய்கள் ஓரளவு நிறைகின்றன, தையல்காரரும் கழுத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

ஒரே ஒரு குறை. இணையதளத்தில் இதயம் கிடையாது. யாரோ வந்து படித்துவிட்டுப் போகிறார்கள், யார் என்று தெரிவதில்லை. ஒரு இதயம் வச்சுக் குடும்மா என்று தோள்வலிக்காரியைக் கேட்டேன், அது இதுல வராது சார் என்று சிரித்தாள். புதுப் பக்கத்தை உனக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்தே உன்னைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், நீயும் நாலு பாயைப் பார்த்து அப்பாவைப் பார்த்துவிட்டதாக நினைத்திருப்பாய். எனக்கு அது இனிமேல் போதாது மகளே.

உடம்பைப் பார்த்துக்கொள். தலையணை ஒன்று போதும், இரண்டு வைத்தால் கழுத்து போய்விடும், பிறகு என்னிடம்தான் வர வேண்டியிருக்கும், வந்தால் சந்தோஷம்தான், ஆனாலும் வேண்டாம். நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் அமையட்டும், எடுத்த காரியம் எதுவும் உன்னைத் தனியாக விடாமல் இருக்கட்டும். என் ஆசியும் அம்மாவின் ஆசியும் சேர்த்தே அனுப்புகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. தளத்தில் நேரம் பதிவு செய்ய ஓர் இடம் இருக்கிறது, காலியான நேரம் பச்சையாகவும் நிறைந்த நேரம் சாம்பலாகவும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணி எல்லா வாரமும் சாம்பல், இடம் இல்லை என்று போட்டிருக்கும். உனக்கு அப்போது காலை, விடுமுறை, பிடிக்க ரயில் இல்லை. தோள்வலிக்காரி, யாரு சார் அது, வாராவாரம் பிடிச்சு வச்சிருக்கீங்க, ஆளே வரக்காணோமே என்று கேட்டாள். வெளியூர் ஆள், வருவாங்க என்றேன். அந்த நேரத்துக்கு ஒரு பாயை விரித்துப் போனை அதன் தலைமாட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். இடம் இல்லை என்பது ஊருக்கு. நீ கூப்பிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா