கொலுப்படியில் வைத்த சாக்கடை

மன்னி, இன்று காலை முற்றத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கோ குழாய் உடைந்து கசிகிறதாம். ஈர மண்வாசனை சமையலறை வரைக்கும் வந்தது. எட்டிப் பார்த்தேன். குடிதண்ணீர்க் குழாய் மேலே, சாக்கடைக் குழாய் கீழே, மாடிப்படிக்கு அடியில் இரண்டும் குறுக்காகப் போகின்றன. நீங்கள் மண்ணில் செய்து வைத்தது போலவே! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு நாம் இருவரும் இந்தப் பவானிபூர் வீட்டில் குடித்தனம் செய்த மூன்றாவது நவராத்திரி அது. அடுப்பு பூச வாங்கிய கங்கை மண்ணில் இந்த வீட்டையே செய்தீர்கள். முன்சுவர் இல்லாத வீடு. உள்ளே குழாய்கள், சாக்கடை, படிக்கு அடியில் கரிக்கிடங்கு. பின்பக்கத்து இரும்புப் படியில் கட்டை விரல் உயரத்துக்கு, கூடையோடு ஏறும் துப்புரவுக்காரி. சுவரில் காதை வைத்தும், குழாய் மிஸ்திரியை அரைகுறை வங்காள மொழியில் நச்சரித்தும் எது எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டீர்கள்.

“இதைப் போய் கொலுவுலயா மன்னி?” என்றேன்.

“ஏன்டி, நாம குடியிருக்கறதே இதுங்க தயவுலதானே? ஒன்பது நாள் அவாளும் படியில நிக்கட்டும்” என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை என் கணவரின் மேலதிகாரி வீட்டு மாமி வெற்றிலை பாக்குக்கு வருவதாக இருந்தது. நீங்கள் காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். மாமி முகம் சுளித்தால் மானம் போகுமே என்று எனக்கு ஒரே உதைப்பு. அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடித் தொட்டிக்குள் வைத்தேன். சுடாத மண். குழாய் எப்போதும் திறந்தே கிடக்கும், நாலு மணிக்குத் தண்ணீர் வரும். தெரியாமல் செய்தேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். தெரியும் மன்னி. நன்றாகத் தெரியும்.

மாமி சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு நீங்கள் வந்தீர்கள். தொட்டியில் வெறும் சேறு. “யார்டி?” என்றீர்கள். பாழாய்ப்போன என் நாக்கு, “மோட்சதாதான், பாத்திரம் தேய்க்கறச்சே எடுத்து வச்சிருப்பா” என்றது.

“ஆமி சுயினி, மா! நான் தொடவேயில்லை” என்று அழுதாள் வேலைக்காரி மோட்சதா. மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. நீங்கள் யாரையும் வையவில்லை. சேற்றை வழித்தெடுத்து அடுப்பைப் பூசினீர்கள். அப்புறம் மண்ணைத் தொடவேயில்லை.

“மோட்சதாவை நீ போய் அழைச்சுண்டு வாயேன்” என்று மட்டும் அடிக்கடி சொல்வீர்கள். ஊருக்குப் போய்விட்டாள் என்று புளுகினேன். அவள் அடுத்த சந்திலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தை மாதம் ஜுரத்தில் படுத்தபோதும் கேட்டீர்கள். அப்போதும் அதே பொய்.

அந்த ஜுரத்திலேயே நீங்கள் போய், உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவளைத் தேடிப் போனேன். உண்மையைச் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும். பெரியம்மா அன்று சாயங்காலமே என் குடிசைக்கு வந்தாள். ‘சின்னவள் பயந்து செய்துவிட்டாள், அவளே வந்து உன்னை அழைப்பாள், அதுவரை பொறுத்துக்கொள்’ என்றாள்” என்றாள்.

அன்றைக்கே தெரியுமா மன்னி? நாலு மாசம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நானாகச் சொல்லட்டும் என்றா காத்திருந்தீர்கள்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “நீதானேடி?” என்று கன்னத்தில் அறைந்து கேட்டிருக்கக் கூடாதா?